கலர்ட்யூன் கண்ணாடி பிளக் வாங்கலாமா? பழைய எம்ஜிபியில் இரண்டு மாத அனுபவம்

எஞ்சினுக்குள் எரிகிற நெருப்பைக் கண்ணால் பார்க்க உதவுகிற, கன்சன் நிறுவனத்தின் கலர்ட்யூன் கண்ணாடி பிளக்கை இரண்டு மாதமாகப் பயன்படுத்துகிறேன். கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்குத் தருகிற கருவி) வைத்த பழைய வண்டி உங்களிடம் இருந்து, அதில் நீங்களே கை வைத்து வேலை பார்க்கிற ஆசையும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். 50 பவுண்டுக்குள் முடிந்தது. எனக்கு அது மிச்சப்படுத்திக் கொடுத்தது 700 பவுண்டு. எப்படி என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வாங்கும் முன் நான் படித்த விமர்சனங்களில் "நிறம் நன்றாகத் தெரிகிறது" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை.

வண்டி 1970 எம்ஜிபி ரோட்ஸ்டர், கூரை திறக்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி, நாலு சிலிண்டர், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர், லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுப்பது). நான் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டில். இந்த வண்டி பிறந்த ஆபிங்டன் இங்கிருந்து பத்து கிலோமீட்டர் சொச்சம்தான். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் எம்ஜிபி செய்தார்கள், அதனால் இன்றைக்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்குப் பஞ்சமே இல்லை. நான் இதை வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதன் எஞ்சின் பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) நிறுவனத்தின் பி-சீரிஸ். நம் ஊர் அம்பாசடரில் பல வருஷம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம். என் மாமா மதுரையில் அம்பாசடர் டாக்சி ஓட்டியவர். அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பிளக்கைத் துடைக்கும்போது பக்கத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் நான். எம்ஜிபியின் பானெட்டை முதல் தடவை தூக்கியபோது அந்த டேப்பட் கவரைப் பார்த்ததும் சொந்தக்காரர் முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது.

சரி, பிரச்சினைக்கு வருகிறேன். போன இலையுதிர் காலத்திலிருந்து வண்டி சரியில்லை. ஐட்லிங்கில் மிஸ் அடிக்கும், சிக்னலில் நின்றால் பெட்ரோல் வாடை தூக்கும், புகைக்குழாய் நுனியில் விரலை வைத்தால் மை போலக் கரி. இது போதாதென்று இருபது நிமிடம் ஓடிச் சூடான பிறகு திடீரென்று இருமி நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். ஒரு பட்டறையில் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, இரண்டு கார்புரேட்டரும் தேய்ந்துவிட்டன, புதிதாக மாற்ற வேண்டும், கூலியோடு 700 பவுண்டு ஆகும் என்றார்கள். பிளக்கைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன் (வழியில் ஒரு தடவை நின்றது). அன்று இரவே கலர்ட்யூனுக்கு ஆர்டர் போட்டேன்.

பொருள் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இது ஒரு ஸ்பார்க் பிளக், அவ்வளவுதான். சாதாரண பிளக்கில் வெள்ளைப் பீங்கான் இருக்கிற இடத்தில் இதில் கண்ணாடி. ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, கூடவே தருகிற நீட்டிப்பு ஒயரை மேலே திருகி, பழைய பிளக் ஒயரை அதன் மறுமுனையில் சேர்த்து, முகம் பார்க்கிற மாதிரி சிறு கண்ணாடி பொருத்திய கறுப்புக் குழாயை அதன் தலையில் கவிழ்த்துவிட்டு எஞ்சினை ஓட விட்டால், சிலிண்டருக்குள் எரிகிற நெருப்பு கண்ணுக்குத் தெரியும். கேஸ் அடுப்பைப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இதையும் பார்க்கத் தெரியும். நீலமாக எரிந்தால் காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் சேர்ந்திருக்கிறது. மஞ்சளோ ஆரஞ்சோ வந்தால் பெட்ரோல் அதிகம், அடுப்பில் பாத்திரம் கரி பிடிக்குமே அதே கதை. வெளிறிப்போய் வெள்ளை கலந்த நீலமாகத் தெரிந்தால் பெட்ரோல் போதவில்லை.

மாட்டுவதற்கு முன் ஒன்று சொல்ல வேண்டும், இதைச் செய்யாமல் கண்ணாடியைப் பார்த்துப் பிரயோஜனமே இல்லை. முதலில் வால்வுகளுக்கான டேப்பட் இடைவெளி (எம்ஜிபிக்கு 15 தவ், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), பிறகு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டு இணைக்கிற பாயிண்ட்டின் இடைவெளி (அதுவும் 15 தவ், இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும்), பிறகு பொறி வருகிற நேரமான டைமிங், அப்புறம் இரண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு காற்றை இழுக்கிறதா என்று பார்ப்பது. கடைசிதான் கலவை. காற்றைப் பார்க்க நான் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கார்புரேட்டர் வாயில் பிடித்து 'ஸ்ஸ்' சத்தத்தை ஒப்பிட்டேன், மாமா செய்த அதே வழி.

இருட்டியதும் ஆரம்பித்தேன். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, முதல் சிலிண்டரில் மாட்டி, குழாய்க்குள் எட்டிப் பார்த்தேன். நீலம். அழகான, கெட்டியான நீலம், நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு போலப் பொறி. ஐட்லிங்கில் 800 சுற்று என்றால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 தடவை எரிகிறது, நொடிக்கு ஆறேழு துடிப்பு. அந்தத் துடிப்பு கண்ணாடிக்குள் படபடவென்று தெரிகிறது. ஐம்பத்தைந்து வயதான ஒரு எஞ்சினின் உள்ளே எரிகிற நெருப்பைக் கண்ணால் பார்க்கிறேன் என்ற நினைப்பில் கொஞ்ச நேரம் எதையும் திருகாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். இரண்டாவதும் நீலம். மூன்றாவதில் மாட்டினேன், ஆரஞ்சு! தீபாவளிப் பூச்சட்டி நிறம். நாலாவதும் அப்படியே.

இங்கேதான் இந்தப் பொருளின் பலம் தெரிகிறது. எம்ஜிபியில் முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டர்களுக்கு, பின் கார்புரேட்டர் 3, 4 சிலிண்டர்களுக்கு. அப்படியென்றால் முன்னது சரியாக இருக்கிறது, பின்னது மட்டும் பெட்ரோலைக் கொட்டுகிறது. இரண்டும் தேய்ந்துவிட்டன என்று பட்டறையில் சொன்னது அந்த நிமிடத்திலேயே அடிபட்டுப்போனது. கார்புரேட்டரின் அடியில் உள்ள, கலவையை மாற்றுகிற நட்டில் கை வைக்கப் போனவன், மணியைப் பார்த்தேன், ஊரில் விடிகாலை, மாமா எழுந்திருப்பார் என்று போன் போட்டேன்.

"நட்டத் தொடாத மாப்ள. சோக்க உள்ள தள்ளிட்டு அடியில பாரு. ஜெட்டு மேல ஏறி நட்டுல ஒட்டி நிக்குதா?"

"டார்ச் அடிச்சுப் பாக்குறேன், இருங்க மாமா."

பார்த்தேன். முன் கார்புரேட்டரில் ஜெட்டின் (பெட்ரோல் வருகிற சிறு குழாய்) தலை நட்டோடு ஒட்டி நின்றது. பின்னதில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. எஸ்யூவில் சோக் என்பது காற்றை அடைக்கிற மூடி கிடையாது, ஜெட்டையே கீழே இழுத்து பெட்ரோல் வழியை அகலப்படுத்துகிற ஏற்பாடு. சோக்கை உள்ளே தள்ளியதும் ஸ்பிரிங் அதை மேலே ஏற்ற வேண்டும். பின் ஜெட் பிசின் ஏறிப் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எத்தனை மாதமாக அப்படி ஓட்டினேனோ! கட்டைவிரலால் அழுத்தினேன், 'டிக்' என்று மேலே போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் வந்து குழாய்க்குள் பார்த்தேன், நாலாவது சிலிண்டர் ஆரஞ்சிலிருந்து நீலத்துக்கு மாறியிருந்தது. பிறகு எஞ்சினை ஆறவிட்டு, ஜெட்டைக் கழற்றித் துடைத்து, சோக் கேபிள் இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தளர்வு வைத்துக் கட்டினேன். நட்டை மொத்தமே ஒரு பட்டைதான் திருப்ப வேண்டியிருந்தது, அதாவது ஆறில் ஒரு பங்கு சுற்று.

பெட்ரோல் வாடையும் கரியும் அன்றோடு நின்றன. ஆனால் சூடானதும் நிற்கிற வியாதி போகவில்லை. மறுநாள் இரவு அதற்கும் இதையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இந்தப் பிளக்கைத் தொடர்ந்து ரொம்ப நேரம் ஓடவிடக் கூடாது, சூடு தாங்காது, அதனால் எஞ்சினைச் சாதாரண பிளக்கோடு இருபது நிமிடம் ஓடவிட்டு, திணற ஆரம்பித்ததும் கையுறை போட்டுக்கொண்டு மாற்றினேன். நீலம் இருந்தது, ஆனால் நடுநடுவே கண் சிமிட்டியது. இரண்டு மூன்று துடிப்புக்கு முழு இருட்டு, அப்புறம் மறுபடி நீலம். நிறம் மாறவே இல்லை. பெட்ரோல் குறைந்தால் வெளிறிக்கொண்டு வந்துதான் அணையும் என்பது என் கணக்கு. இப்படிச் சட்டென்று இருட்டானால் பொறியே வரவில்லை. நாலாவது சிலிண்டரிலும் அதே சிமிட்டல், ஆகவே ஒரு பிளக்கோ ஒரு ஒயரோ காரணமாக இருக்க முடியாது, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று. பாயிண்ட், கண்டன்சர் (பாயிண்ட் கருகாமல் காக்கிற சிறு டப்பி), காயில் (பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தம் தருவது), ரோட்டார் (அதை ஒவ்வொரு பிளக்குக்கும் திருப்பிவிடுவது), இந்த நாலுக்குள்தான்.

முந்தைய சொந்தக்காரர் டிக்கியில் ஒரு பிஸ்கட் டப்பா விட்டுப் போயிருந்தார், அதில் பழைய லூகாஸ் கண்டன்சர் ஒன்று கிடந்தது. சென்னையில் வளர்ந்தவர்களுக்குப் பாடியில் பஸ் ஸ்டாப்பாகவே தெரிந்த அதே லூகாஸ். மாட்டினேன். சாதாரண பிளக்கோடு நாற்பது நிமிடம் ஓடவிட்டு, மறுபடி கண்ணாடி பிளக்கை மாட்டிப் பார்த்தேன், ஒரு சிமிட்டல் இல்லை. வண்டியிலிருந்து கழற்றியது போன வருஷம் புதிதாக வாங்கிப் போட்டது, பெயர் சொல்ல விரும்பவில்லை. புதிதாக விற்கிற மலிவுக் கண்டன்சர்களும் ரோட்டார்களும் சூட்டில் கைவிடுகின்றன என்று பழைய வண்டிக்காரர்கள் பல வருஷமாகப் புலம்புகிறார்கள், அதை நானும் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். புது பார்ட்ஸ் போட்டாயிற்று, அதில் கோளாறு இருக்காது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

இன்னொரு உபயோகமும் கண்டுபிடித்தேன். ஐட்லிங்கில் நீலமாக எரியும்போது ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டினால் ஒரு கணம் ஆரஞ்சு பளிச்சிட்டு மறுபடி நீலமாக வேண்டும். எஸ்யூவின் மேல் மூடிக்குள் நாம் ஊற்றுகிற எண்ணெய் பிஸ்டனை மெதுவாக ஏறவைத்து அந்த ஒரு கணம் பெட்ரோலைக் கூட்டித் தருகிறது. என் முன் கார்புரேட்டரில் ஆரஞ்சுக்குப் பதில் வெள்ளை அடித்தது. மூடியைத் திறந்தால் எண்ணெய் காய்ந்து கிடந்தது. 20 நம்பர் எண்ணெய் ஊற்றியதும் சரியாகிவிட்டது, இப்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் தயக்கம் இல்லாமல் இழுக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பகலில் இது கிட்டத்தட்ட உதவாது. குழாயும் கண்ணாடியும் இருந்தாலும் வெளிச்சத்தில் நீலத்துக்கும் வெளிறிய நீலத்துக்கும் வித்தியாசம் பிடிபடாது, ஷெட் கதவைச் சாத்தினால் புகை மூச்சை அடைக்கும், அது ஆபத்து, ஆகவே இருட்டிய பிறகு வெளியில்தான் வேலை. பெட்டியில் ஒரே ஒரு பிளக்தான் வருகிறது, இரட்டைக் கார்புரேட்டர் வண்டிக்கு இரண்டு இருந்தால் ஒரே நேரத்தில் ஒப்பிட முடியும். நீட்டிப்பு ஒயரின் திருகுமுனை வலுவாக இல்லை, இரண்டாவது வாரமே ஆட ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியில் கரி படியும், ஒவ்வொரு தடவையும் துடைத்து வைக்க வேண்டும். அப்புறம் எம்ஜிபியில் பிளக் ஒரு பக்கம், கார்புரேட்டர் மறுபக்கம். பார்ப்பது இங்கே, திருகுவது அங்கே. நான் என் மனைவியைக் குழாயைப் பார்க்கச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய் நட்டைத் திருகினேன், "ஆரஞ்சு, ஆரஞ்சு, இப்ப நீலம், நிறுத்துங்க" என்று அவர் சொல்லச் சொல்ல வேலை சுலபமாக முடிந்தது.

இது காட்டுவது ஐட்லிங்கிலும் லேசான வேகத்திலும் என்ன நடக்கிறது என்பதை மட்டும்தான். மேட்டில் ஏறும்போது, 100 கிலோமீட்டரில் போகும்போது கலவை எப்படி என்று இதனால் சொல்ல முடியாது, அதற்கு ஓட்டிவிட்டு வந்து பிளக் நுனியின் நிறத்தைத்தான் பார்க்க வேண்டும். அதேபோல் எந்தப் பெட்ரோலில் ஓட்டுவீர்களோ அதை ஊற்றியே பாருங்கள். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 (10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது, எத்தனால் கூடினால் கலவை கொஞ்சம் வெளிறும். நான் பழைய ரப்பர் குழாய்களை நினைத்து எத்தனால் குறைவான இ5தான் போடுகிறேன்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அரை மதிப்பெண் அந்த ஒயருக்காகக் குறைக்கிறேன். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் வண்டிக்காரர்களுக்கு இது தேவையில்லை.

மாமாவுக்குக் கண்ணாடிக்குள் எரிகிற நெருப்பை வீடியோ எடுத்து அனுப்பினேன். இருபது வருஷம் காதால் கேட்டே டியூன் பண்ணியவர், திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாராம். அவருடைய அம்பாசடர் இன்னும் ஷெட்டில் நிற்கிறது, அதிலும் 14 மில்லிமீட்டர் பிளக்தான். ஆகஸ்டில் ஊருக்குப் போகும்போது இதைக் கையோடு எடுத்துப் போகிறேன்.