தகரக் கூரைக்குக் கீழே காலடிச் சத்தம்: நீலகிரியில் 5,000 ரூபாய்க்குள் எந்த கேமிங் ஹெட்போன்?

வேலரன்ட் ஆனாலும் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 ஆனாலும் பிஜிஎம்ஐ ஆனாலும், துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எதிரி கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழுந்துவிடுகிறான். எந்தப் பக்கம் இருக்கிறான், எவ்வளவு பக்கத்தில், ஓடுகிறானா பதுங்கி நடக்கிறானா என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி. இதற்கு எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று தேடினால், "ஓப்பன் பேக் வாங்குங்கள்", அதாவது கப்பின் பின்பக்கம் திறந்திருக்கும் ஹெட்போன், என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். தப்பான பதில் இல்லை. ஆனால் அமைதியான அறையில் உட்கார்ந்திருப்பவர் சொன்ன பதில். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூனில் பிடிக்கும் மழையும், குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபருக்குப் பிறகு வரும் மழையும் தகரக் கூரையில் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதில் காலடிச் சத்தம் எங்கே கேட்கப்போகிறது?

அதனால் மலையில் வரிசை மாறுகிறது. என் கணக்கில் முதல் இடம் காதுக்குள் போகும் வயர் இயர்போனுக்கு. ஐஇஎம் என்பார்களே, அது. இரண்டாவது, காதை முழுதாக மூடும் வயர் ஹெட்செட். மூன்றாவதுதான் ஓப்பன் பேக். ப்ளூடூத் இந்தப் போட்டியிலேயே இல்லை. மேட்டுப்பாளையத்தில் கான்க்ரீட் வீட்டில் இருப்பவர் இதே பட்டியலை வேறு மாதிரி அடுக்கலாம். அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

7.1 ஸ்டிக்கருக்குக் காசு கொடுக்காதீர்கள்

பெட்டியின் மேல் பெரிதாக 7.1 என்று போட்டிருக்கும், சுற்றிலும் ஏழு ஸ்பீக்கரும் ஒரு பேஸ் ஸ்பீக்கரும் இருக்கிற மாதிரி கேட்கும் என்று பொருள். இந்த விலையில் விற்கும் ஹெட்செட்டைப் பிரித்துப் பார்த்தால், காதுக்கு ஒன்றாக இரண்டே ஸ்பீக்கர்கள். மீதி எல்லாம் மென்பொருள் காட்டும் வித்தை. அந்த இரண்டே போதும் என்பதுதான் உண்மை, ஏனென்றால் நமக்கு இருப்பதும் இரண்டு காதுகள்தான். வலது பக்கம் எழும் சத்தம் இடது காதுக்குப் போய்ச் சேர அதிகபட்சம் 0.7 மில்லி விநாடி அளவுக்குத்தான் தாமதம். தலை குறுக்கே நிற்பதால் அந்தக் காதில் சத்தம் கொஞ்சம் குறையவும் செய்யும். முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைக் காதுமடலின் மடிப்புகள் ஒலியில் செய்யும் சின்ன மாற்றத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கிறது.

இந்த மாற்றங்களை எல்லாம் கணக்குப் போட்டு இரண்டு ஸ்பீக்கரிலேயே கொடுப்பதற்குப் பெயர் எச்ஆர்டிஎஃப். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் 2017லேயே வந்துவிட்டது, வேலரன்டில் 2021ல் வந்தது. விளையாட்டே செய்து கொடுத்த இந்தக் கணக்கின் மேல் ஹெட்செட்டின் 7.1ஐயும் போட்டால், பவர் கண்ணாடி மேல் இன்னொரு பவர் கண்ணாடி மாட்டிக்கொள்கிற கதைதான். வேலரன்ட் செட்டிங்கில் எச்ஆர்டிஎஃபை ஆன் செய்யுங்கள். விண்டோஸில் ஸ்பேஷியல் சவுண்டை ஆஃப் செய்யுங்கள். ஹெட்செட்டுடன் வரும் 7.1ஐத் தொடவே வேண்டாம்.

இன்னொரு வலை, பேஸ் என்கிற தாழ்ந்த ஒலி. கடையில் போட்டுக் காட்டும்போது நெஞ்சு அதிர்ந்தால் "செம பேஸ்" என்று வாங்கிவிடத் தோன்றும். தாழ்ந்த ஒலி, தனக்கு மேலே இருக்கிற ஒலியை விழுங்கிவிடும் குணம் உள்ளது. கையெறி குண்டு வெடிக்கும்போதும் வண்டி ஓடும்போதும் பின்னால் வருகிறவனின் காலடி காணாமல் போவது இதனால்தான். பாட்டுக்குப் பிடித்த ஹெட்போன் வேறு, போட்டிக்கு உதவும் ஹெட்போன் வேறு.

காதுக்குள் போகும் வயர் இயர்போன்

பத்து வருடத்துக்கு முன் இந்த விலையில் நல்ல இயர்போன் என்றாலே சிரிப்பார்கள். இன்று சீன நிறுவனங்கள் ஆட்டத்தையே மாற்றிவிட்டன. மூன்ட்ராப் சூ 2, டாங்சு வானர், 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, மூன்றிலும் காதுக்கு ஒரு 10 மிமீ டிரைவர் (உள்ளே ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்), மூன்றிலும் கேபிளைக் கழற்றி மாற்றலாம். சலுகையைப் பொறுத்து 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் கிடைக்கும். மூன்றில் பேஸ் அடங்கி இருப்பது 7ஹெர்ட்ஸ் ஜீரோவில். காலடிக்கு என்று மட்டும் வாங்குவதானால் என் ஓட்டு அதற்கே. அதன் அடுத்த பதிப்பான ஜீரோ 2வில் பேஸ் கூடுதல், பாட்டும் கேட்பவர்களுக்கு அது. சூவில் பழைய முதல் பதிப்பு எங்காவது மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். அதன் கேபிள் கழலாது, வயர் போனால் எல்லாமே போச்சு.

மழைக்கு இவை ஏன் முதலிடம்? ரப்பர் முனை காதுத் துவாரத்தை அடைத்துவிடுகிறது. பாட்டரி இல்லை, மின்னணு வித்தை இல்லை, வெறும் அடைப்பு. நாய்ஸ் கேன்சலிங் இருந்தால் மழைச் சத்தம் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீராக உறுமும் தாழ்ந்த ஒலியை நன்றாக அடக்கும். தகரத்தில் சடசடவென்று விழும் மழையிடம் அவ்வளவாகச் செல்லாது. அங்கே வேலை செய்வது அடைப்புதான். பெட்டிக்குள் வரும் முனைகளில் உங்கள் காதுக்கு இறுக்கமாக உட்காருவது எது என்று பொறுமையாகப் பாருங்கள், இடது காதுக்கும் வலது காதுக்கும் வேறு வேறு சைஸ் தேவைப்படலாம். முனை சரியாக உட்காரவில்லை என்றால் அடைப்பும் போகும், ஒலியும் கெடும். ஃபோம் பஞ்சு முனை தனியாக வாங்கிப் போட்டால் மழை இன்னும் அடங்கும்.

அப்புறம் குல்லா. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊட்டியில் ராத்திரி பத்து மணிக்கு மேல் குல்லா இல்லாமல் உட்கார முடியாது. குல்லா மேல் பெரிய ஹெட்செட்டை மாட்டினால் கம்பளி நடுவில் வந்து இடைவெளி விழும், ஒலியும் மங்கும். ஐஇஎம் குல்லாவுக்குள் அடக்கம். எந்த விமர்சனத்திலும் இதை எழுத மாட்டார்கள்.

குறை இல்லாமல் இல்லை. இவை மெல்லிய சிக்னலையும் சத்தமாகக் காட்டிவிடும் என்பதால், கம்ப்யூட்டரின் முன்பக்க ஜாக்கில் குத்தினால் "ஸ்ஸ்" என்ற இரைச்சலும் கேட்கலாம். யுஎஸ்பியில் குத்தி, ஹெட்போன் ஜாக் தரும் ஒரு சின்ன டாங்கிள் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஜாக் இல்லாத போனில் பிஜிஎம்ஐ ஆடுபவர்களுக்கு டைப்-சி டாங்கிள் எப்படியும் வேண்டும். டைப்-சி முனையோடே வரும் சூ 2 டிஎஸ்பியும் உண்டு. ஆனால் அதைக் குத்திவிட்டால் சார்ஜ் போட இடம் இருக்காது. குளிரில் பாட்டரி வேகமாக இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காதை மூடும் ஹெட்செட்

சென்னைக்காரர்கள் இதைப் பற்றிச் சொல்லும் பெரிய புகார், காது வேர்க்கிறது என்பது. இங்கே அது புகாரே இல்லை, காதுக்கு இதம். சமவெளியில் இதன் மிகப் பெரிய குறை மலையில் நிறையாக மாறிவிடுகிறது. அதனால் குல்லா போடாதவர்களுக்கும் மைக்கில் நிறையப் பேசுபவர்களுக்கும் இதையே முதலிடத்தில் வைத்தாலும் சண்டைக்கு வர மாட்டேன்.

ஹைப்பர்எக்ஸ் கிளவுட் ஸ்டிங்கர் 2 சுமார் 275 கிராம். ரேசர் பிளாக்ஷார்க் வி2 எக்ஸ் 240 கிராம். இரண்டிலும் 50 மிமீ டிரைவர். லாஜிடெக் ஜி335ம் 240 கிராம்தான், டிரைவர் 40 மிமீ. டிரைவர் அளவைப் பார்த்துப் பெரியது நல்லது என்று முடிவு கட்ட வேண்டாம். காதுக்குள் போகும் 10 மிமீ டிரைவர் இவற்றோடு மல்லுக்கட்டுவதை மேலே பார்த்தோம். எடைதான் இரண்டு மணி நேரம் கழித்துக் கழுத்தில் தெரியும். ஸ்டிங்கரிலும் ஜி335லும் மைக்கை மேலே தூக்கினால் மியூட் ஆகிவிடும். நடு மேட்சில் வீட்டில் இருந்து "சாப்பாடு ஆறுது" என்று குரல் வரும்போது இந்த வசதியின் அருமை தெரியும். தூக்கம் கெடும் என்று பக்கத்து லைன் வீட்டில் இருந்து சத்தம் போடும்போதும்தான்.

மலைக்கு என்று பார்த்தால் நான் இவற்றைப் பிரிப்பது குஷனை வைத்து. ஸ்டிங்கரிலும் பிளாக்ஷார்க் வி2 எக்ஸிலும் செயற்கைத் தோல், ஜி335ல் துணி. செயற்கைத் தோல் மழையை நன்றாகத் தடுக்கும். ஆனால் அதன் மேல் இருக்கும் பாலியூரித்தேன் ஈரப்பதத்தில் மெல்ல மெல்லச் சிதையும். ஒரு நாள் கறுப்புச் செதில்கள் காதில் ஒட்டத் தொடங்கும். பீரோவில் இருக்கும் தோல் பெல்ட்டுக்கே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. துணி உரியாது, வெளிச்சத்தத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். மழை கொட்டும் வீட்டுக்குத் தோல், மற்ற வீட்டுக்குத் துணி. எதுவானாலும் ஆடி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிகா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வையுங்கள். மாற்றுக் குஷன் தனியாகக் கிடைக்கும் மாடலா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. காம்பு குஷனைத் தூக்கிவிடுவதால் அந்த இடுக்கு வழியாக மழை உள்ளே வரும். அவர்களுக்கு மறுபடியும் ஐஇஎம்தான்.

ஓப்பன் பேக்

பிலிப்ஸ் எஸ்எச்பி9500, சூப்பர்லக்ஸ் எச்டி681 போன்றவை இந்த வகையில் பலர் சொல்லும் பெயர்கள். இரண்டாவது பாதி திறந்தது. கப்பின் பின்பக்கம் அடைக்காமல் விட்டிருப்பதால் சத்தம் தலைக்குள் அடைபட்ட மாதிரி இருக்காது, அறையில் பரவி நிற்கும். தூரத்தைக் கணிக்க இது உண்மையாகவே உதவுகிறது. மழை இல்லாத பிப்ரவரி ராத்திரியில் இதற்கு ஈடு இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் உள்ளே வரும் வழி திறந்தால் வெளியே போகும் வழியும் திறந்தே இருக்கும். துப்பாக்கிச் சத்தம் முழுக்கப் பக்கத்தில் தூங்குபவருக்கும் கேட்கும். மைக்கும் இருக்காது, தனியாக வாங்க வேண்டும், அதற்குள் 5,000 தாண்டிவிடும். மழைச் சத்தத்தை மீற வால்யூமை ஏற்றிக்கொண்டே போவதுதான் இதில் இருக்கும் உண்மையான ஆபத்து. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பத்திரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று சுருங்கும்.

ப்ளூடூத் ஏன் இல்லை

சாதாரண ப்ளூடூத் இயர்பட்ஸில் சத்தம் 150 முதல் 250 மில்லி விநாடி வரை பிந்தி வரலாம். சத்தம் கேட்டு விரலை அசைக்க மனிதருக்கு ஆகும் நேரமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது நீங்கள் இரண்டு மடங்கு மெதுவானவர் ஆகிவிடுகிறீர்கள். "கேமிங் மோட்" போட்டால் குறையும், வயர் அளவுக்கு வராது. இதைவிட மோசம், மைக்கை ஆன் செய்தால் பெரும்பாலான பட்ஸ் போன் பேசும் முறைக்கு மாறி, ஒலியை மோனோ ஆக்கிவிடும். இடது, வலது என்பதே இல்லாமல் போன பிறகு காலடியைக் கேட்டு என்ன செய்ய? 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு (யுஎஸ்பியில் குத்தும் தனி வயர்லெஸ் ரிசீவர்) வருபவை வேறு ஜாதி, அவற்றில் தாமதம் மிகக் குறைவு. ஆனால் இந்தப் பட்ஜெட்டில் அந்தப் பணத்தை வயர் ஹெட்செட்டில் போட்டால் ஒலி நன்றாக இருக்கும்.

மைக்

ஐஇஎம் தோற்கும் இடம் இது ஒன்றுதான். அதன் கேபிளில் தொங்கும் மைக் வாயில் இருந்து தூரம், ஸ்வெட்டரில் உரசும், மழையை அப்படியே அணிக்கு அனுப்பும். ஹெட்செட்டின் மைக் வாயோரம் நிற்பதால் உங்கள் குரல் மழையைவிட ஓங்கி இருக்கும். மைக்கின் தூரம் பாதியானால் குரல் சுமார் 6 டெசிபல் கூடுகிறது. அணியோடு பேச உதவும் டிஸ்கார்ட் செயலியில் இருக்கும் கிரிஸ்ப் என்ற இரைச்சல் நீக்கியை ஆன் செய்தால் மீதி மழையில் பெரும்பகுதியும் போய்விடும். ஐஇஎம்மோடு போகிறவர்கள் கழுத்தோரம் குத்திக்கொள்ளும் சின்ன காலர் மைக்கை வாங்கி, ஸ்வெட்டருக்கு வெளியே குத்தினால் சமாளிக்கலாம். பழைய டெஸ்க்டாப்பில் ஹெட்போனுக்கும் மைக்குக்கும் இரண்டு தனி ஓட்டைகள் இருந்தால், ஒற்றை ஜாக்கை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வேண்டும். பெட்டிக்குள் இருக்கிறதா பாருங்கள்.

கையில் 1,000 ரூபாய்தான் என்றால்

கேஇசட் இடிஎக்ஸ் ப்ரோ மாதிரி ஒரு ஐஇஎம் வாங்குங்கள், மைக் வைத்த கேபிளாகக் கேளுங்கள். பேஸ் தூக்கலாக இருக்கும். கம்ப்யூட்டரில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளைப் போட்டு 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாலைந்து டெசிபல் குறைத்தால் அடங்கிவிடும். அதே விலைக்குப் பல வண்ண விளக்கு எரியும் பெரிய ஹெட்செட்டுகள் கடையில் தொங்கும். அந்த விளக்கு எரியும் பக்கத்தை ஆடுகிறவர் பார்க்கவே முடியாது.

ஆன்லைனில் வாங்கினால், மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பார்சல் கீழேயே நின்றுவிடும், திருப்பி அனுப்பும் நாட்களோ ஓடிக்கொண்டே இருக்கும். சர்வீஸுக்கு என்றால் கோயம்புத்தூர் வரை இறங்க வேண்டியிருக்கும். அதனால் கைக்கு வந்த அன்றே இரண்டு காதும் ஒரே அளவில் கேட்கிறதா, மைக் எடுக்கிறதா, ஜாக்கின் அருகே வயரை ஆட்டினால் கரகரக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டியையும் பில்லையும் ஈரம் படாத இடத்தில் வையுங்கள்.