காத்திருப்பதா, அறுவை சிகிச்சை செய்வதா? குழந்தைகளின் பிறவிச் சிறுநீரக அடைப்புக்கான வழிகள்

கர்ப்பகால ஸ்கேனில் குழந்தையின் ஒரு சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்தவுடன், பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி எப்போது ஆபரேஷன் என்பதுதான். சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பை, சிறுநீர்க்குழாயோடு இணையும் இடத்தில் பிறவியிலேயே தடைபட்டிருப்பதை மருத்துவர்கள் பி.யு.ஜே. அடைப்பு என்பார்கள். ஆண் குழந்தைகளிடமும் இடப்பக்கச் சிறுநீரகத்திலும் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வீக்கம் இருப்பதாலேயே சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருளல்ல. இரு வழிகளையும் ஒப்பிடும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதுதான்.

கண்காணிப்பு என்பது கைகட்டிக் காத்திருப்பதன்று. பிறந்த முதல் இரண்டு நாட்களில் குழந்தைக்குச் சிறுநீர் குறைவாகவே சுரப்பதால் வீக்கம் சிறிதாகத் தோன்றக்கூடும். ஆகவே 48 மணி நேரத்துக்குப் பின்னரே முதல் அல்ட்ராசவுண்ட் எடுப்பது வழக்கம். 4 முதல் 6 வாரங்கள் கழித்து ரீனல் ஸ்கேன் எடுக்கிறார்கள். நரம்பு வழியே செலுத்தப்படும் கதிரியக்க மருந்தை ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு ஈர்க்கிறது, சிறுநீரைப் பெருக்கும் ஊசி போட்டபின் அது எவ்வளவு விரைவில் வடிகிறது என்பதை ஒரு வளைகோடு காட்டும். கோடு சரிந்து இறங்கினால் நிம்மதி. இறங்காமல் மேலேயே நின்றால் அடைப்பு என்று ஐயுறலாம். ஆனால் நிரம்பிய சிறுநீர்ப்பையே வடிதலைத் தடுத்து அந்தக் கோட்டைப் பொய்யாக்கிவிடக்கூடும் என்பதால், ஒரே ஒரு ஸ்கேனை வைத்து முடிவெடுப்பது சரியல்ல.

இரு சிறுநீரகங்களின் மொத்தச் செயல்திறனில் வீங்கிய சிறுநீரகத்தின் பங்கு 40 சதவீதத்துக்கும் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த ஸ்கேன்களில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, வலியோ திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்றோ வந்தாலோ அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் நியாயமில்லை. இவை எதுவும் இல்லாத குழந்தைகளில் பலருக்கு வீக்கம் தானே வடிந்துவிடுகிறது; அவர்களைப் பொறுத்தவரை காத்திருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இழந்த செயல்திறன் அறுவைக்குப் பின் முழுமையாகத் திரும்பும் என்ற உத்தரவாதம் கிடையாது. குறித்த நாளில் ஸ்கேனுக்கு வர இயலாத சூழலில் உள்ள குடும்பத்துக்குக் காத்திருப்பு ஆபத்தாக முடியலாம். அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

அறுவை என்று முடிவானால் செய்வது பெரும்பாலும் பைலோபிளாஸ்டிதான். ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற அறுவை நிபுணர்கள் இருவரும் 1949இல் விவரித்த முறையே இன்றும் அடிப்படை: குறுகிய துண்டை வெட்டி நீக்கிவிட்டு, சிறுநீர்க்குழாயின் நுனியை அகலமாகப் பிளந்து, மெல்லிய கரையும் நூலால் சிறுநீரகத்தின் பையோடு சேர்த்துத் தைக்கிறார்கள். இது 90 சதவீதத்துக்கும் மேல் வெற்றி தருகிறது. திறந்த அறுவையா, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியா, ரோபோட்டா என்பதில் பெற்றோர் பெரிதும் குழம்புகிறார்கள். உள்ளே நடக்கும் வேலை மூன்றிலும் ஒன்றே. கைக்குழந்தையின் வயிற்றில் கருவிகளை இயக்க இடம் குறைவு, திறந்த அறுவையின் தழும்பும் சிறியதாகவே இருக்கும் என்பதால் அந்த வயதில் திறந்த முறைக்கு இன்னும் வலுவான இடமுண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்குத் துளை வழி அறுவையில் வலி குறைவு, விரைவில் வீடு திரும்பலாம்; குழாயைக் குறுக்கே அழுத்தும் ரத்தநாளமும் தெளிவாகத் தெரியும். ரோபோட் தையலை எளிதாக்குகிறது, செலவைக் கூட்டுகிறது. அறுவை நிபுணர் எந்த முறையில் தேர்ந்தவர் என்பதையே நான் முதலில் கேட்பேன்.

குழாய்க்குள் கருவியைச் செலுத்தி உள்ளிருந்தே குறுகலைக் கீறிவிடும் எண்டோபைலோடமியில் வெற்றி விகிதம் குறைவு. முதல் சிகிச்சையாகக் குழந்தைகளுக்கு அது பொருந்தாது.

பைலோபிளாஸ்டியில் பெரும்பாலும் உள்ளே வைக்கப்படும் டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயைச் சில வாரங்களில் எடுத்துவிடுவார்கள். சிறு குழந்தைக்கு அதற்காக மீண்டும் ஒருமுறை மயக்க மருந்து தர வேண்டியிருக்கும். அதன்பின் எடுக்கும் அல்ட்ராசவுண்டில் வீக்கம் இன்னும் தெரிந்தால் பதற வேண்டியதில்லை. நெடுநாள் விரிந்திருந்த பை சுருங்க மாதக்கணக்கில் ஆகும். ரீனல் ஸ்கேனில் சிறுநீர் தடையின்றி வடிந்து, செயல்திறனும் குறையாமல் இருந்தால் அறுவை பலனளித்ததாகவே கொள்ளலாம்.