ஸ்டென்ட் வைத்த பிறகு குளோபிடோக்ரெலா, டிகாக்ரெலாரா?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோபிளாஸ்டி (அடைத்த இதய ரத்தக்குழாயை விரித்து, ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பது) முடிந்து அம்பாசமுத்திரம், களக்காடு என்று ஊர் திரும்புகிறவர்கள் கையில் ஆஸ்பிரினோடு பெரும்பாலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் இந்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று இருக்கும். குளோபிடோக்ரெல் ஈரலில் மாறிய பிறகுதான் வேலை செய்யும், சிலருக்கு அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. டிகாக்ரெலாருக்கு அந்தச் சிக்கல் இல்லை, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களை வேகமாகவும் அடக்கும். இந்த இரண்டையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான பிளேட்டோ (PLATO) ஆய்வில், ஓராண்டுக்குள் இதய, ரத்தக்குழாய் நோயால் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் குளோபிடோக்ரெலில் 11.7 சதவீதம், டிகாக்ரெலாரில் 9.8.

ஆனால் டிகாக்ரெலாரில் ரத்தக்கசிவும் மூச்சுத்திணறலும் கூடுதல், அப்புறம் தினம் இரண்டு வேளை. பீடி சுற்றும் வேலைக்கிடையே சாயங்கால மாத்திரையை விட்டுவிடுகிறவருக்கு தினம் ஒரே வேளை போடும் குளோபிடோக்ரெலே மேல் என்பேன். மூச்சு வாங்கினால் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் சொல்லுங்கள், தேவையென்றால் மாற்றித் தருவார்.