ஜியோட்டோஸ் ராக்கெட் புளோயர்: வியூஃபைண்டர் தூசிக்கு எதுவரை உதவும்?

டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் துளையில், தெரியும் புள்ளிகளை எடுக்கப் பெரும்பாலும் இந்த ரப்பர் புளோயர் ஒன்றே போதும். அடியிலுள்ள வால்வு வழியாகக் காற்றை இழுத்து, மூக்கு வழியாக வெளியே விடுகிறது. இதன் பலமே அதுதான். வால்வு இல்லாத மலிவான பந்துகள், கையைத் தளர்த்தும்போது கிளம்பிய தூசியையே மூக்கால் உறிஞ்சி, அடுத்த அழுத்தலில் திரும்ப உள்ளே அடிக்கும். அளவுகளில் பெரியதையே வாங்குங்கள், சிறியதில் காற்றுக்கு வேகம் போதாது. வாங்கியதும் பத்துப் பதினைந்து முறை சும்மா அழுத்தி, உள்ளே ரப்பர் தூள் இருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

ஊதுவதற்கு முன் தூசி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். லென்ஸைக் கழற்றிவிட்டு வெளிச்சமான சுவரைப் பாருங்கள். புள்ளி கறுப்பாக, துல்லியமாகத் தெரிந்தால் அது ஃபோகஸிங் ஸ்கிரீனில், அதாவது உள்ளே காட்சி விழும் தகட்டில், இருக்கிறது. மங்கலாகப் படர்ந்திருந்தால் கண் வைக்கும் பக்கத்துக் கண்ணாடியான ஐபீஸில். எடுத்த படத்திலும் புள்ளி விழுகிறதா? அது சென்சார் தூசி, அதற்கு வேறு வேலை.

ஐபீஸ் சுலபம். அதைச் சுற்றியுள்ள ரப்பர் ஐகப்பைக் கழற்றி, ஓரங்களில் ஊதிவிட்டு, மிஞ்சிய எண்ணெய்ப் பிசுக்கை லென்ஸ் திரவம் ஒரு துளி தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போதும். திரவத்தை நேராகக் கண்ணாடிமேல் விடக்கூடாது. ஓரமாக உள்ளே கசியும்.

ஸ்கிரீனுக்குத்தான் நிதானம் தேவை. கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டும் வாய் தரையைப் பார்க்கப் பிடியுங்கள். உள்ளே சாய்வாக இருக்கும் மிரர், அதாவது முகம் பார்க்கும் வகைக் கண்ணாடி, தூக்கப்படாமல் வழக்கமான நிலையிலேயே இருக்கட்டும். புளோயரின் மூக்கு, லென்ஸ் மாட்டும் மவுண்ட் வளையத்தைத் தாண்டாமல், ஸ்கிரீனை நோக்கிச் சாய்வாக ஐந்தாறு முறை ஊதுங்கள். உதிரும் தூசி கீழே விழும். துணி, பிரஷ், பஞ்சு எதுவும் ஸ்கிரீனைத் தொடக்கூடாது. அது மென்மையான பிளாஸ்டிக். கீறல் விழுந்தால் தூசியைவிட மோசமாகத் தெரியும். மிரரையும் தொடாதீர்கள்; அது வீட்டுக் கண்ணாடி போல அல்ல, அதன் பூச்சு முன்பக்கத்திலேயே இருக்கிறது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கடையில் விற்கும் அழுத்தக் காற்று டப்பாவைச் சாய்த்து அடித்தால் அதிலுள்ள திரவம் சிதறிக் கறையாகும்.

இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகும் அசையாத புள்ளி, ஸ்கிரீனுக்கு மேலே, காட்சியைக் கண்ணுக்குத் திருப்பும் பிரிசம் பக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இந்தப் புளோயர் எட்டாது; வேகமாக ஊதினால் இன்னும் கொஞ்சம் தூசியை உள்ளே தள்ளவும் கூடும். நிக்கான் எஃப்எம்2 போன்ற ஃபிலிம் கேமராக்களில் மவுண்டுக்குள் இருக்கும் கொக்கியை இடுக்கியால் இழுத்தால் ஸ்கிரீன் கீழே இறங்கும், இருபுறமும் ஊதலாம். ஆனால் டிஎஸ்எல்ஆரில் ஸ்கிரீனைக் கழற்றப் போகாதீர்கள்; பலவற்றில் ஸ்கிரீனோடு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். ஒன்று இடம் மாறினாலும், கையால் ஃபோகஸ் செய்யும்போது வியூஃபைண்டரில் கூர்மையாகத் தெரிவது படத்தில் கூர்மையாக விழாது. அந்தப் புள்ளி படத்தில் வரப்போவதில்லை, விட்டுவிடுங்கள்.

ஒரு குறை: புளோயரின் ரப்பர்மேல் பை நூலும் தூசியும் ஒட்டிக்கொள்ளும். ஜிப் கவரில் போட்டுவைத்து, ஒவ்வொரு முறையும் மூக்கைத் துடைத்து, வெளியே நாலு ஊது ஊதிவிட்டுத்தான் கேமராவிடம் கொண்டுபோக வேண்டும்.