தர்மபுரி, கிருஷ்ணகிரி ரோட்டுக்கு டொமேனா, டிஃபையா?

நீண்ட தூரம் ஓட்ட கார்பன் எண்டியூரன்ஸ் சைக்கிள் தேடுகிறவர்கள் பலர் கடைசியில் இரண்டு பெயரில் வந்து நிற்பார்கள்: ட்ரெக் டொமேன் எஸ்.எல். 5, ஜயண்ட் டிஃபை அட்வான்ஸ்டு 2. இரண்டிலும் ஷிமானோ 105 கியர், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், 32 மி.மீ. டயர். இப்போதைய தலைமுறை ஃப்ரேம்கள் இரண்டிலும் 38 மி.மீ. டயர் வரை போடலாம். பட்டியலை வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. நம்ம ரோட்டில் தெரியும்.

முதலில் டயர். பர்கூர் பக்கம் போனால் கிரானைட் லாரி உதிர்த்த சில்லு ரோட்டோரமெல்லாம் கிடக்கும். ராயக்கோட்டை ரோட்டில் ஊருக்கு ஊர் வேகத்தடை. இந்த அதிர்வை முதலில் வாங்குவது டயர்தான், ஃப்ரேம் அப்புறம். 70 கிலோ ஆள் 32 மி.மீ. டயரில் டியூப் போட்டிருந்தால் முன்னால் 55, பின்னால் 60 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் இன்னும் 5 குறைக்கலாம். "ரோடு பைக்தானே" என்று 100 அடித்துவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. ஹுக்லெஸ் ரிம்மாக (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாதது) இருந்தால் 72.5 பிஎஸ்ஐதான் உச்சம். அதைத் தாண்டினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடலாம். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் ப்ரெஸ்டா வால்வுக்கு (ரோடு சைக்கிளின் மெல்லிய வால்வு) நேரடியாகக் காத்து ஏறாது, பித்தளை அடாப்டர் ஒன்று பையில் கிடக்கட்டும். வேலமுள்ளுக்கு டியூப்லெஸ்தான் சரி. டயருக்கு 40 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றலாம், ஆனால் சித்திரை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கவும்.

அடுத்தது ஃப்ரேமின் வித்தை. டொமேனில் ஐசோஸ்பீடு: சீட் டியூப் மேல் டியூபோடு இறுக ஒட்டாமல் தனியாக வளைந்து கொடுக்கிற அமைப்பு. முந்தைய தலைமுறையில் முன்பக்கமும் ஒன்று இருந்தது. இப்போது பின்னால் மட்டும்தான், ஆகவே இடுப்புக்கு நிம்மதி, உள்ளங்கைக்கு இல்லை. டிஃபையில் டி-ஃபியூஸ் சீட் போஸ்ட். பின்பக்கம் தட்டையாக, ஆங்கில டி எழுத்து வடிவில் இருப்பதால் பின்னோக்கி வளையும். இங்கே கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. ஃப்ரேமுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போஸ்ட்தான் வளையும். உயரம் குறைவானவர் பெரிய ஃப்ரேம் எடுத்து போஸ்ட்டை உள்ளே இறக்கிவிட்டால் டி-ஃபியூஸுக்குக் கொடுத்த காசு வீண்.

சொகுசு வண்டி மெதுவாகத்தான் போகும் என்ற பேச்சை நம்ப வேண்டாம். கரடுமுரடான தாரில் உடம்பு குலுங்குவதிலேயே சக்தி வீணாகிறது. அகலமான டயரும் குறைந்த காற்றழுத்தமும் அதை மிச்சப்படுத்தும். 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பெரிய எதிரி காற்றுதான், எடை இல்லை. டொமேன் 54 அளவில் ஸ்டேக் (மிதி அச்சிலிருந்து ஹேண்டில் குழாய் உச்சி வரை உயரம்) 575 மி.மீ., ரீச் (அதே இரண்டுக்கும் இடையே முன்னோக்கிய தூரம்) 374. முன்பக்கம் உயரம் என்பதால் ஆடிக் காற்றில் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்ந்தால் வேகம் இறங்கும். ஆனால் டிராப்பை (ஹேண்டிலின் கீழ் வளைவு) பிடித்து ஒரு மணி நேரம் கழுத்து வலியில்லாமல் குனிய முடிகிற வண்டி, பத்து நிமிஷம் மட்டும் குனிய முடிகிற ரேஸ் வண்டியை விட வேகமாக ஊர் போய்ச் சேரும்.

மேடு ஏற கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) பாருங்கள். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்றால் நிமிஷத்துக்கு 70 மிதி மிதித்தால் மணிக்கு 9 கி.மீ. வத்தல்மலை மாதிரி 10 சதவீத ஏற்றத்தில், ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், அந்த வேகத்துக்கு 200 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு தர முடியாதவர் 11-36 பல் கேசட் கேட்டு வாங்குவது நல்லது. அதே 105-ல் கிடைக்கிறது. ஒகேனக்கல் இறக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, 160 மி.மீ. டிஸ்க் போதும்.

எடையில் டிஃபைதான் லேசு. இருந்தாலும் இந்த இரு மாவட்டத்துக்கு டொமேன்தான் எங்கள் தேர்வு, காரணம் ஐசோஸ்பீடு அல்ல. அதன் பாட்டம் பிராக்கெட் (மிதி அச்சு சுழலும் பேரிங்) டி47 வகை, மரையிட்டுத் திருகுவது. டிஃபையில் அழுத்திச் செருகும் ப்ரெஸ்ஃபிட். கிரானைட் தூசியும் மழைத் தண்ணியும் உள்ளே போனால் ப்ரெஸ்ஃபிட் கிறீச்சிடத் தொடங்கும். கழற்றிப் போட தனிக் கருவி வேண்டும், பெங்களூருக்குத்தான் ஓட வேண்டும். டி47-ஐ அதற்குரிய ஸ்பேனரில் கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டிவிடலாம். தினமும் பெரிய ஏற்றம் ஏறுகிறவர், பக்கத்தில் நல்ல மெக்கானிக் உள்ளவர் டிஃபை எடுத்தால் குறை சொல்ல மாட்டோம்.

கடைக்குப் போகுமுன் சுவரில் ஒட்டி நின்று உள்கால் உயரத்தை அளந்து 0.883-ஆல் பெருக்குங்கள். 80 செ.மீ. என்றால் 70.6, பாட்டம் பிராக்கெட் நடுவிலிருந்து சீட் மேல்பக்கம் வரை அதுதான் தோராயமான உயரம். அந்த உயரத்தில் வைத்த பின்னும் ஸ்டெம்முக்கு (ஹேண்டிலைப் பிடிக்கும் பாகம்) அடியில் 30 மி.மீ.க்கு மேல் ஸ்பேசர் வளையம் தேவைப்பட்டால் அளவு தப்பு. கடைவாசல் வழவழப்பு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. காத்தைச் சரியாக வைக்கச் சொல்லிவிட்டு வேகத்தடை உள்ள தெருவைத் தேடிப் போங்கள்.

வண்டியோடு அன்றைக்கே வாங்க வேண்டியவை: பின் கியரைத் தாங்கும், அந்த ஃப்ரேமுக்கே உரிய டீரெய்லர் ஹேங்கர் ஒன்று (வேறு மாடலுடையது பொருந்தாது), பிரேக் பேட் இரண்டு ஜோடி, கார்பன் பேஸ்ட் (வழுக்காமல் பிடிக்க), டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்). சீட் போஸ்ட்டில் கிரீஸ் தடவினால் இறங்கிக்கொண்டே இருக்கும். பேஸ்ட் போட்டு, ஃப்ரேமில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவோடு நிறுத்துங்கள். கைக்கணக்கில் இறுக்கினால் கார்பன் விரிசல் விடலாம். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில் மட்டும். மோட்டார் பைக் மெக்கானிக் தன்னிடமுள்ள டாட் பிரேக் ஆயிலை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் ஊதி, லிவரோடு மாற்ற வேண்டிவரும்.