ஜெஃபர்சன் ஷூ: மலிவு ஜோடி தேறுமா?

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) ரீஎனாக்டிங்கில், அதாவது அந்தப் போரை வேடமிட்டு நடித்துக்காட்டுவதில், புதிதாக இறங்குபவர்கள் கோட்டுக்கும் துப்பாக்கிக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, கையில் மிஞ்சியதில் அந்தப் போர்வீரர்கள் போட்ட ஜெஃபர்சன் ஷூவை வாங்குகிறார்கள். தலைகீழாகச் செய்வதே புத்திசாலித்தனம். கோட் பொருந்தாவிட்டால் போட்டோதான் கெடும். ஷூ கடித்தால் மறுநாள் அணிவகுப்பில் ஆளே இருக்க மாட்டார்.

கிடைப்பவை இரண்டு ரகம். இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மொத்தமாகத் தைத்து இணையத்தில் விற்கும் மலிவு ஜோடி ஒன்று. ஆர்டர் எடுத்து ஒவ்வொன்றாகக் கையால் செய்து தருவது இன்னொன்று; இதன் விலை இரண்டு மூன்று மடங்கு, காத்திருப்பு மாதக்கணக்கில்.

அசல் எப்படி இருந்தது என்பது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வடக்குப் படையின் (அமெரிக்க அரசின் படை) காலாள் ஒருவருக்கு ஆண்டுக்கு 4 ஜோடி என்பது கணக்கு. கணுக்கால் உயரம், கறுப்பு நிறம், லைனிங் இல்லாத மேல்தோல். பெரும்பாலும் தோலின் சொரசொரப்பான பக்கம்தான் வெளியே இருக்கும். முன்பக்கம் அகலமாக, சற்றே சதுரமாக முடியும். லேஸுக்குப் பக்கத்துக்கு 4 துளைகள், வெறும் துளைகள். உலோக வளையம் கிடையாது. இடது வலது காலுக்குத் தனித்தனி அச்சு (ஷூவுக்கு வடிவம் தரும் கட்டை). “ரெண்டு காலுக்கும் ஒரே அச்சு, அதுதான் சார் ஒரிஜினல்” என்று யாராவது விற்க வந்தால் நெப்போலியன் காலத்து வேடம் போடும் ஆட்களிடம் அனுப்பிவிடுங்கள்.

மலிவு ஜோடியில் முதலில் கண்ணில் படுவது உருண்டை மூக்கு. அடுத்து உலோக ஐலெட் (லேஸ் துளையின் வளையம்), ஹீலுக்கு அடியில் ரப்பர் துண்டு, பளபளக்கும் நைலான் நூல். ரப்பரைப் பிடுங்கித் தோல் அடுக்கு வைத்துவிடலாம். ஐலெட்டைக் கழற்றினால் பெரிய ஓட்டை மிஞ்சும். மூக்கை யாராலும் மாற்ற முடியாது. மேல்பாகம் மெஷின் தையல் என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்திலேயே தையல் மெஷின் புழக்கத்தில் இருந்தது.

உண்மையான வித்தியாசம் தோலில். குரோம் பதனம், அதாவது குரோமியம் உப்பில் தோலைப் பதனிடுவது, தொழிலாக வேரூன்றியது 1884க்குப் பிறகு. உள்நாட்டுப் போர்க் காலத்துத் தோல் மரப்பட்டையில் பதனிட்டது. விளம்பரத்தில் “அசல் தோல்” என்று மட்டும் போட்டிருந்தால் நம்பாதீர்கள், குரோம் தோலும் அசல் தோல்தான். ஸ்டீல் நாரை வினிகரில் இரண்டு நாள் ஊறவையுங்கள். ஷூவுக்குள், நாக்கின் அடியில் சாயம் ஏறாத இடமாகப் பார்த்து ஒரு சொட்டு வையுங்கள். பட்டைத் தோல் சில நிமிடங்களில் கன்னங்கரேலென்று ஆகும். குரோம் தோல் பெரிதாக அசையாது. குரோமுக்கு மேல் பட்டைச் சாறு ஏற்றிய தோலும் கறுப்பதுண்டு என்பதால், துளை ஓரத்தில் வெட்டு விளிம்பின் நடுவையும் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் தெரிந்தால் குரோம். நம் ஊர் ஆவாரம்பட்டைத் தோலைக் கையாண்டவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

கையால் செய்ததிலும் தொல்லை உண்டு. அடித்தோலைத் தைத்தும் தரலாம், மர ஆணி அடித்தும் தரலாம்; படைக்கு இரண்டுமே போயின. மர ஆணி வாங்கினால், காலைவிடுமுன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். முனை நெருடினால் அரம் போட்டுத் தேய்க்கக் கேளுங்கள். இல்லையென்றால் அது சாக்ஸைத் தாண்டிக் குத்தும். ஆணி ஈரத்தில் ஊதி இறுகும், காய்ந்தால் சுருங்கித் தளரும். அதனால் நனைந்த ஷூவை முகாம் நெருப்போரம் வைப்பது தற்கொலைதான்: தோல் வெடிக்கும், ஆணி உதிரும், அடி வாய் பிளக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள். மேல்தோலுக்கு மாட்டுக்கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த மசகு, மெல்லிய பூச்சாக. அடித்தோலில் எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் அது மெத்தென்று ஆகி ஆணி பிடிப்பை விடும்.

தோல் லேஸ் இழுத்தால் நீளும், காய்ந்தால் அறும். உபரியாக ஒரு ஜோடி பையில் இருக்கட்டும்.

லாடம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். அரைவட்ட இரும்பு லாடம் ஹீலைத் தேய விடாது, பார்க்கவும் கம்பீரம். ஆனால் சிமென்ட் தரையிலும் ஈரக் கல்லிலும் வழுக்கும், துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு விழுவது நல்லதல்ல. மேடுபள்ளமான புல்வெளியில் மட்டும் நடப்பவர் அடித்துக்கொள்ளலாம். அடித்தோலை நிஜமாகத் தின்பது போர்க்களமல்ல, பார்க்கிங்கின் தார்; அங்கே வேறு செருப்பில் நடந்துவிட்டு முகாமில் மாற்றுங்கள்.

தெற்குப் படை (பிரிந்துபோன மாநிலங்களின் படை) வேடம் என்றால் கொஞ்சம் தாராளம் உண்டு. அவர்களுக்கு வடக்கின் கடல் முற்றுகையைத் தாண்டி இங்கிலாந்து ஷூக்களும் வந்தன, தோல் தட்டுப்பாட்டில் கேன்வாஸ் மேல்பாகமும் வந்தது. அதற்காக எது வேண்டுமானாலும் போடலாம் என்று அர்த்தமில்லை.

வருடத்துக்கு ஒரு நிகழ்ச்சி போய்வருபவருக்கு மலிவு ஜோடி போதும், ஐலெட் இல்லாததாகத் தேடுங்கள். அதற்கு மேல் போவதாக இருந்தால் ஆர்டர் கொடுங்கள். அளவெடுக்கும்போது தடித்த கம்பளி சாக்ஸ் போட்டு, மாலையில், இரண்டு பாதத்தையும் காகிதத்தில் வரைந்து அனுப்புங்கள். அகலத்தைச் சொல்ல மறக்கவேண்டாம். வந்ததும் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குள் கார்ப்பெட்டில் நடந்து பாருங்கள். லாடம் அடித்த பிறகோ மசகு பூசிய பிறகோ திருப்பி எடுக்க மாட்டார்கள்.