யூடியூப், ஸ்பொட்டிஃபை, கைக்காசுப் பாட்டு: மலையகத்து இசைக்காரருக்கு எது கைகொடுக்கும்?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இப்போது சொந்தமாகப் பாட்டுப் போடும் பிள்ளைகள் நிறையப் பேர். ஒரு லேப்டாப், ஒரு மைக், ஒரு ஹெட்போன், ஸ்டூடியோ என்றால் அவ்வளவுதான். பெரும்பாலும் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் இசைக்குழுவில் வாசித்துப் பழகியவர்கள். மாசியில் காமன் கூத்துத் தொடங்கி, சித்திரையில் தேர் முடியும் வரை வேலை இருக்கும். மழை இறங்கிவிட்டால் அழைப்பு நின்றுவிடும். அந்த மாதங்களை இணைய வருமானம் நிரப்புமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நிரப்பும் என்றே நம்புகிறேன். ஆனால் எல்லா வழியும் நமக்குச் சரிப்பட்டு வராது. கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவருக்கு நன்றாக ஓடுகிற வழி, லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) இருந்து பதிவு செய்பவருக்கு ஓடாமல் போகலாம்.

எத்தனை பேர் கேட்பார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தப் பணம் எந்த வழியாக நம் வங்கிக் கணக்குக்கு வந்து சேரும் என்று பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்குச் சலிப்பாக இருக்கிறது. ஆனால் வழிகளில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே கழிந்துவிடும்.

பேண்ட்கேம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞருக்கு மரியாதை தரும் தளம் என்று நல்ல பெயர். டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் பணம் செலுத்தும் சேவையின் சிறு கட்டணம், மிச்சமெல்லாம் நமக்கு. ரசிகர் ஒரு பாட்டை நேரடியாக வாங்குகிறார், அதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. ஆனால் அவர்கள் பணம் அனுப்புவது பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக. இலங்கையில் பேபால் வைத்துப் பொருள் வாங்கலாம், பணம் அனுப்பலாம். பணம் பெற முடியாது என்பதுதான் பல வருட நிலைமை. கனடாவில் இருக்கும் மாமாவின் கணக்கைக் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது அவருடைய வருமானமாகப் பதிவாகும், வரிச் சிக்கலும் அவருக்குத்தான். உறவும் பணமும் சேர்ந்து கெட்டுப்போகிற வேலை, வேண்டாம்.

ரசிகர்கள் மாதச் சந்தா கட்டிக் கலைஞரை ஆதரிக்கும் பேட்ரியான் இந்த இடத்தில் கொஞ்சம் பரவாயில்லை, பேயோனியர் என்ற இன்னொரு பணச் சேவையின் கணக்குக்கு அனுப்புவார்கள். ஆனால் மாதாமாதம் பணம் கட்டிப் பாட்டுக் கேட்கிற பழக்கம் நம் ஆட்களிடம் இன்னும் வரவில்லை. பெயர் ஊன்றிய பிறகு யோசிக்கலாம். டிக்டொக்கில் கூட்டம் உண்டு, ஆனால் பார்வைக்குப் பணம் தரும் அவர்களுடைய திட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இந்தியாவில் 2020 ஜூனில் இருந்து டிக்டொக்குக்குத் தடை, ஆகவே தமிழ்நாட்டு ரசிகர் அங்கே இல்லை. வளைகுடாவில் வேலை செய்யும் நம் அக்காமார், அண்ணன்மார் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க அது நல்ல இடம். வருமானத்துக்கு அல்ல, விளம்பரத்துக்கு.

ஆக, மலையகத்தில் இருந்து பார்க்கும்போது உண்மையான போட்டி மூன்றுக்கு இடையில்தான்: யூடியூப் விளம்பரப் பணம், ஸ்பொட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங், அப்புறம் கேட்பவருக்காகவே பாட்டுச் செய்து கொடுக்கும் வேலை.

யூடியூப்

விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் 90 நாளில் ஷார்ட்ஸ் எனும் குறும் வீடியோக்களுக்கு ஒரு கோடிப் பார்வை. 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். உங்கள் பாட்டு நான்கு நிமிடம் என்றால், 60,000 தடவை முதலில் இருந்து கடைசி வரை ஓட வேண்டும். பாதியில் விட்டுப் போகிறவர்களையும் சேர்த்தால் இன்னும் எத்தனையோ தடவை. ஷார்ட்ஸ் வரிசையில் பார்க்கப்படுவது இந்த 4,000 மணியில் சேராது என்பதையும் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

இங்கேதான் நமக்கென்று ஒரு வசதி இருக்கிறது. நான்கு நிமிடப் பாட்டால் மணிக்கணக்கு ஏறாது. காமன் கூத்தின் ஒரு இரவை முழுசாகப் பதிந்து போட்டால் ஏறும். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அப்படித்தான். ஊரை விட்டுப் போனவர்கள் அதை ஓடவிட்டுவிட்டுச் சமைப்பார்கள், துணி மடிப்பார்கள், நிறுத்த மாட்டார்கள். தப்பு மேளத்தின் அடி விழும்போது அவர்களுக்குள் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். ஒன்று மட்டும்: பாடுகிற பெரியவரிடம் கேட்டு, அவருக்கு ஒரு பங்கைப் பேசிவைத்துப் பதிய வேண்டும். அவர் தொண்டையில் வந்த பாட்டுக்கு நாம் மட்டும் காசு வாங்குவது நியாயமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் சினிமாப் பாட்டைத் திரும்பப் பாடிப் போடுவது. அதற்குத்தான் முதலில் கூட்டம் வரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யூடியூபின் கண்டென்ட் ஐடி என்ற தானியங்கி உரிமைச் சோதனை அந்த மெட்டைக் கண்டுபிடித்ததும், விளம்பரப் பணம் இசை நிறுவனத்துக்குப் போய்விடும். சில பாட்டுகளுக்குப் பாடியவருக்கும் ஒரு பங்கு கிடைக்க வழியுண்டு. நம்பி இருக்க முடியாது. லட்சம் பார்வை வந்த கவர் பாட்டில் ஒரு சதமும் வராமல் போனவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சந்தாதாரரைச் சேர்க்க ஒன்றிரண்டு செய்யலாம், சேனலையே அதன்மேல் கட்டக் கூடாது. கடையில் வாங்கிய லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத் துண்டை, அப்படியே போட்டாலும் தொல்லை வரும். அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் தன் பாட்டைப் பதிவு செய்திருந்தால், நம் பாட்டின்மேல் உரிமைகோரல் வந்து நிற்கும். தப்பையும் உறுமியையும் நாமே அடித்துப் பதிந்தால் அந்தப் பிரச்சினை இல்லை, சத்தமும் நம் சத்தமாக இருக்கும்.

இந்தத் தகுதி வாசலைத் தாண்டிய பிறகு நீண்ட வீடியோவின் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் நமக்கு, ஷார்ட்ஸில் 45. ஆனால் எதில் 55 என்பதுதான் விஷயம். மஸ்கெலியாவில் ஒருவர் பார்ப்பதற்கும் டொரன்டோவில் ஒருவர் பார்ப்பதற்கும் விளம்பரக்காரர் கொடுக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். ஊர் முழுக்கப் பார்த்தும் பணம் ஏறவில்லையே என்று மனம் நோகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இனிப் பணம் வரும் பாதை. வருமானம் 10 டாலரைத் தொட்டதும் யூடியூபை நடத்தும் கூகிள், விலாசத்தை உறுதிப்படுத்த ஒரு இரகசிய (PIN) இலக்கத்தைத் தபாலில் அனுப்பும். அதை நான்கு மாதத்துக்குள் பதியாவிட்டால் கொடுப்பனவு நின்றுவிடும். கொழும்பில் இருப்பவருக்கு இது ஒரு விஷயமே இல்லை. லயத்தில் இருப்பவருக்குத் தனி விலாசம் ஏது? கடிதம் தோட்டத்து ஆபிசுக்கு வரும், அங்கே கட்டோடு கிடக்கும், யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. ஆகவே கணக்குத் திறக்கும்போதே டவுனில் கடை வைத்திருக்கும் சொந்தக்காரரின் விலாசத்தைக் கேட்டுப் போடுங்கள். அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, அடையாள அட்டையில் வேறு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது எழுத்து என்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். அடையாள அட்டையில் உள்ளபடி வங்கிக் கணக்கும், கூகிள் விளம்பரப் பணம் தரும் ஆட்சென்ஸ் கணக்கும் இருக்கட்டும். பணம் வரும்போது திருத்தப் போனால் மாதக்கணக்கில் அலையவேண்டி வரும். அமெரிக்க வரிப் படிவத்தையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். நிரப்பாவிட்டால் உலகம் முழுக்க வந்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடிப்பார்கள். நிரப்பினால் அமெரிக்காவில் பார்த்தவர்களால் வந்த பகுதிக்கு மட்டும்தான் பிடிப்பு.

கொடுப்பனவுக்குக் குறைந்தது 100 டாலர் சேர வேண்டும், ஏறக்குறைய 30,000 ரூபாய். கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் 22 முழுப்பேர், அதாவது 22 நாள் முழுச் சம்பளம். வீட்டில் அதை யாரும் சின்னப் பணம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த முதல் 100 டாலர் வர ஒரு வருடமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம்.

ஸ்ட்ரீமிங்

ஸ்பொட்டிஃபை 2021 பெப்ரவரியில் இலங்கைக்கு வந்தது. நம் பாட்டை அங்கே ஏற்ற டிஸ்ட்ரோகிட், சிடி பேபி, ரூட்நோட் மாதிரி ஓர் இடைச் சேவை வேண்டும். ஒன்றில் வருடக் கட்டணம், இன்னொன்றில் பாட்டுக்கு ஒருமுறைக் கட்டணமும் சிறு பங்கும், மற்றதில் கட்டணமில்லாமல் வருமானத்தில் 15 சதவீதம். தொடங்குகிறவருக்குக் கட்டணமில்லாத ஏற்பாடே போதும் என்பது என் கருத்து. வருடக் கட்டணம் கட்டாமல் விட்டால் பாட்டையே இறக்கிவிடும் சேவையும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. நாட்டுக்கு நாடு சந்தாப் பணம் சேரும் தொகுப்பில் இருந்து பங்கு பிரிப்பார்கள். ஆயிரம் கேட்புக்கு 3 டாலரைச் சுற்றி என்று பொதுவாகப் பேசிக்கொள்வார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் சந்தா விலையே குறைவு, இலவசமாகக் கேட்பவர்கள்தான் அதிகம், ஆகவே நமக்கு அதைவிடக் குறையும். 3 டாலர் என்றே வைத்தாலும் 100 டாலருக்கு 33,000 கேட்பு வேண்டும். 2024இல் இருந்து இன்னொரு விதியும் உண்டு: 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமே கிடையாது. பத்துப் பாட்டு ஏற்றி ஒவ்வொன்றும் 800 கேட்பு வாங்கினால், 8,000 கேட்புக்கும் பூச்சியம்தான்.

இதைச் சோறு போடும் வழியாக நான் எண்ணவில்லை. ஆனாலும் பாட்டு அங்கே இருக்கட்டும். பெயரைத் தேடுகிறவருக்கு நாம் கிடைக்க வேண்டும், வேலை கொடுக்க வருகிறவர் நம் பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குமேல் நேரமும் காசும் இதில் போடாதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கேட்பு ஏற்றித் தருகிறோம் என்பவர்களை அண்டவே விடாதீர்கள். அது போலி என்று கண்டுபிடிக்கப்பட்டால் பாட்டு தளத்தைவிட்டே போகும்.

கேட்பவருக்காகச் செய்யும் பாட்டு

தோட்டத்தில் பேர் போட்டு வாங்கும் சம்பளத்துக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக் கொழுந்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கே. கைக்காசு என்றால் எடுத்த அளவுக்கு அன்றே கையில் காசு. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் தேருக்கு முன்னால் புதுப் பாட்டு வேண்டும். டோஹாவில் இருக்கும் அப்பா, “தம்பி, மகளுக்குப் பூப்புனித நீராட்டு விழா, அவ பேர் வர்ற மாதிரி ஒரு பாட்டு செஞ்சு குடுங்க” என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார். டவுனில் கடை திறப்பவருக்கு அரை நிமிட விளம்பரப் பாட்டு வேண்டும். ஒரு கோயில் பாட்டுக்கு 25,000 ரூபாய் பேசினால், அதே பணத்துக்கு ஸ்பொட்டிஃபையில் 27,000 தடவைக்கு மேல் அந்தப் பாட்டு ஓட வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு எனக்கு எதை முதலில் வைப்பது என்பதில் சந்தேகமே இல்லை.

இந்த வேலையை ஃபைவர் என்ற இணைய வேலைச் சந்தை வழியாகவும் பிடிக்கலாம். வெளிநாட்டுக்காரருக்குப் பாடிக் கொடுப்பது, மிக்ஸிங், புல்லாங்குழல், தவில் என்று பலவும் போகும். பேயோனியருக்குப் பணம் வரும். ஆனால் 20 சதவீதம் தளத்துக்குப் போகும், வேலை முடிந்தாலும் பொதுவாக 14 நாள் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட அங்கே கெடுதான் ராஜா. ஒரு நாள் பிந்தினால் நம் பெயர் கீழே போகும். நம் பக்கம் ஐப்பசி இடியில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று யார் சொல்வது? தகரக் கூரையில் மழை விழுந்தால் பாட்டுப் பதிய முடியாது. பக்கத்துக் காம்பராவில் நாடகம் ஓடி முடிந்து, பிள்ளைகள் தூங்கி, மழையும் விட்ட பிறகுதான் கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டுக் குரல் பதிய முடியும். பத்து ட்ராக் வேவ் ஃபைல் அரை ஜிபியைத் தாண்டும், அதை அனுப்ப சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போக வேண்டும். இதையெல்லாம் கணக்கில் எடுத்து, மூன்று நாள் வேலைக்கு ஏழு நாள் என்று போடுங்கள். ஃபைவரில் அப்படிப் போட்டால் வேலை குறையும். தெரிந்தவர் வழியாக வரும் நேரடி வேலையில் சொல்லிப் புரியவைக்கலாம். அதனால்தான் நான் நேரடி வேலையை மேலே வைக்கிறேன். முன்பணம் பாதி, அது கட்டாயம். சொந்தக்காரராக இருந்தாலும் சரி.

செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் பிறந்தநாள் பாட்டுச் செய்துவிடுகிறதே என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயத்தில் நியாயம் உண்டு, பொதுவான பாட்டுக்குக் கேள்வி குறையத்தான் போகிறது. ஆனால் அந்தக் கோயிலின் அம்மன் தோட்டத்தின் எந்த டிவிசனில் (பிரிவில்) இருக்கிறாள், தேர் எந்த வளைவில் திரும்பும், கரகம் எந்த ஆற்றில் பாலிக்கும் என்று தெரிந்து எழுதிய பாட்டைத்தான் கமிட்டி ஐயாமார் திரும்பத் திரும்பப் போடுவார்கள்.

வரிக்குப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை தனிநபர் வருமானத்துக்கு வரி விலக்கு. அதற்கு மேல், வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வரும் பணத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம். ஒவ்வொரு வரவையும் எழுதி வைத்தால் போதும்.

கைக்காசு வேலைக்கு ஒரு குறை உண்டு. செய்த பாட்டு நம் கையைவிட்டுப் போய்விடும். யூடியூபில் போட்டது மெல்லத்தான் காசு தரும், ஆனால் நம்முடையதாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக்க ஒரே வழி, உரிமையை முதலிலேயே பேசிக்கொள்வது. நான் முன்பணம் வாங்குவதற்கு முன்னால் கோயில் கமிட்டிக்கு வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி அனுப்பி, “சரி” என்ற பதிலை வாங்கிக்கொள்வேன்: “ஐயா, பாட்டைக் கோயிலில், தேரில், உங்கள் பக்கத்தில் எப்போதும் போட்டுக்கொள்ளலாம், அதற்கு வேறு காசு கேட்க மாட்டேன். மெட்டும் பதிவும் என்னுடையவை. திருவிழா முடிந்து ஒரு வாரம் கழித்து என் சேனலிலும் போடுவேன், கோயில் பெயர் மேலே இருக்கும்.” இதுவரை மறுத்தவர் யாருமில்லை, கோயில் பெயர் மேலே வரும் என்றதும் அவர்களே வீடியோவுக்குப் படம் அனுப்புகிறார்கள்.